கடல் ஒருக்கா வந்திச்சாம்

சூரியன் வர வரப் பிரகாசம் கூடிக்கொண்டு போகிறதாம். இன்னும் நூறு கோடி ஆண்டளவில் அந்த வெக்கையில் பூமியின் கடலெல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்று வானியல்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எங்கட கூட்டத்தில் ஒருத்தன் இந்தக் கதையை எடுத்தது ஒலுவில் கடற்கரையில், கடலரிப்பை மறிக்கப் போட்ட பாறாங்கல்லுக்கு மேல் நாங்கள் வரிசையாகக் குந்தியிருந்த ஒரு பின்னேரம். பக்கத்தில் இருந்தவன் உடனே சொன்னான்: "கடல் வத்துறது இருக்கட்டும் மச்சான். அதுக்கு முந்தி கடல் இந்த ஊரை எடுக்காம இருந்தாப் போதும்."

சிரித்தோம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. நூறு கோடி வேண்டாம், ஐந்நூறு வருசம், ஆயிரம் வருசம் கழித்து இந்தக் கரையில் இருக்கப்போகிறவர்களைப் பற்றி இன்றைக்கு நாங்கள் யோசிக்க வேண்டுமா என்று வாதம் போனது. யோசிக்கத்தான் வேணும் என்றவர்கள் இரண்டு பேர். மற்றவர்களுக்கு அது வயிறு நிறைந்தவர்களின் கதை. மாசக் கடைசியில் போடிங் காசு கட்ட வழியில்லாதவனுக்கு மூவாயிரமாம் ஆண்டு மனிதர் யார்? இந்த எதிர்வாதத்தை நாங்கள் லேசாகத் தள்ளிவிடவில்லை. இந்தக் கட்டுரையின் நடுவில் அது திரும்ப வரும்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆட்கள். முன்னுக்குப் பார்க்க எங்களுக்கு வராது, பின்னுக்குத்தான் பார்க்க வரும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டோம். அறுநூறு வருசத்துக்கு முன்னர் இந்தக் கடலோரங்களில் இருந்தவர்களுக்கு நாங்கள்தானே தூரத்து எதிர்காலம்? அவர்கள் எங்களைப் பற்றி ஒரு கணம் யோசித்திருந்தால் எங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு எங்கட கரையில் ஒரு துல்லியமான பதில் இருக்கிறது. திகதியோடு இருக்கிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிசம் இருக்கையில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளக்கத் தொடங்கியது. (அந்தக் காலத்தில் எங்கட மணிக்கூடு இன்றைய நேரத்தைவிட அரை மணி முன்னுக்கு ஓடியது. பழைய பத்திரிகைகளில் நேரங்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.) வெடிப்பு வடக்கு நோக்கி 1200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அந்தமான் வரை போனது. அங்கிருந்து கிளம்பிய அலை எங்கட கரைக்கு வர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

அந்த நேரத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நீட்டுக்குக் கிடக்கிற ஊர்கள். கடற்கரையில் இருந்து புறப்பட்டால் பெரும்பாலான இடங்களில் இருபது, இருபத்தைந்து நிமிச நடையில் வட்டைக்குப் போய்விடலாம். வயது போனவர்களைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, இடையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனாலும் இரண்டு மணித்தியாலம் தாராளம். யாரும் போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு பேர் போகவில்லை.

எங்களில் பாதிப்பேர் அப்போது கைக்குழந்தைகள். மீதிப்பேர் பிறக்கவே இல்லை. எங்களுக்கு அது மூத்தம்மாமார் சொல்லும் கதை: கடல் கறுப்பாக எழும்பி வந்ததும், முதல் தண்ணி வடிந்த பிறகு ஆட்களைத் தேடித் திரும்பிப் போனவர்கள் அடுத்த அலையில் அகப்பட்டதும், மையவாடியில் ஒரே குழியில் எத்தனை பேர் என்று எண்ண முடியாமல் போனதும். கதையின் கடைசியில் எல்லா மூத்தம்மாமாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "எங்கட மூத்தாக்கள் ஒருத்தரும் இப்பிடி ஒண்டு நடக்கும் எண்டு சொல்லல்லயே மனே."

ஏன் சொல்லவில்லை? நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. இந்தியத் தட்டு சுமாத்திராவுக்குக் கீழே வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. நகம் வளருகிற வேகம் என்று வையுங்கள். இரண்டு தட்டும் ஒட்டிப் பிடித்துக்கொண்ட இடத்தில் கீழே போகிற தட்டு மேலே உள்ளதையும் சேர்த்து இழுக்கும். மேல் தட்டு வில்லைப்போல வளைந்துகொண்டே போகும். ஒருநாள் பிடி விடும். 2004இல் சில இடங்களில் நிலம் ஒரேயடியாகப் பதினைந்து மீற்றருக்கு மேல் நகர்ந்தது. வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர் சேர்த்துப் பதினைந்து மீற்றர் ஆக எத்தனை வருசம் என்று நீங்களே கணக்குப் போடலாம். பல நூறு வருசம். மனிதப் பரம்பரை என்று பார்த்தால் பத்து, பன்னிரண்டு தலைமுறை. பூமிக்கு அது ஒரு மூச்சு.

கடல் ஊருக்குள் வரும்போது அடி மணலையும் அள்ளிக்கொண்டு வரும். தாழ்ந்த சதுப்பு நிலத்தில் அந்த மணல் ஒரு விரிப்பாகப் படியும். அதற்கு மேல் கறுத்தச் சேறு பல நூறு வருசம் மெல்ல மெல்ல மூடும். தோண்டிப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. தாய்லாந்தின் பிரா தோங் தீவிலும் ஆச்சேயிலும் இப்படித் தோண்டிப் பார்த்த இரண்டு ஆய்வுக் குழுக்களின் முடிவுகள் 2008இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தன. தாய்லாந்து மணல், 2004க்கு முந்தைய பெரிய அலை இற்றைக்கு 550 முதல் 700 வருசத்துக்கு முன் வந்ததாகக் காட்டியது. ஆச்சே மணல் 1290க்கும் 1400க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. அதற்கும் முந்தியது ஒன்று. அம்பாந்தோட்டையில் கரகன் களப்பின் அடிச் சேற்றிலும் இதே மாதிரிப் பழைய மணல் விரிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னால் வரை போகின்றன. எங்கட நாட்டு மண்ணுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மனிதருக்குத்தான் இல்லை.

வரலாற்று மாணவர்களாக எங்களை அதிகம் உலுக்கியது ஆச்சேக் கதைதான். பண்டா ஆச்சேயைச் சுற்றிய கரையில் தொல்லியலாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மீசான் கற்களையும், பல்லாயிரக்கணக்கான ஓட்டுத் துண்டுகளையும் இடம்குறித்துப் பதிந்தார்கள். எந்த ஊரில் எந்தக் காலத்து மீசான் கல் இருக்கிறது, எந்தக் காலத்தில் திடீரென்று நின்றுபோகிறது என்று பார்த்தால் ஊரின் ஆயுளே தெரிந்துவிடும். 2019இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: 1394ஐ ஒட்டி வந்த ஒரு சுனாமியில் நாற்பது கிலோமீற்றர் கரையில் ஒன்பது குடியிருப்புகள் அழிந்தன. கடலுக்கு மேல் உயர்ந்து நின்ற லாம்ரி என்ற வணிக ஊர் மட்டும் தப்பியது. அதுவல்ல எங்களைத் தூங்க விடாதது. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் பார்த்தால் தப்பிய லாம்ரி கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அழிந்த பள்ளக்கரையில்தான் புதிய ஆச்சே சுல்தானியத்தின் தலைநகரம் எழும்பியிருக்கிறது. 2004இல் கடல் திரும்ப வந்தது அந்த நகரத்துக்குத்தான்.

இபுனு பதூதா இலங்கைக்கு வந்தது 1344இல். பாவாத மலை ஏறிவிட்டுப் போன மனிதர் அதன்பிறகு சுமாத்திராவின் வடகரையில் சமுத்திரா சுல்தானின் விருந்தாளியாகவும் இருந்தார். அந்த அலைக்கு அரை நூற்றாண்டு முந்தி. எழுதத் தெரிந்தவர்கள், கப்பல் ஓட்டத் தெரிந்தவர்கள், ஊருக்கு ஊர் செய்தி கொண்டுபோனவர்கள் நிறைந்த உலகம் அது. மஃபரிலும் காயலிலும் கொழும்பிலும் அரபு வணிகர்கள் இருந்த காலம். அந்த உலகத்தில் இருந்தே கடல் ஊருக்குள் வந்த செய்தி ஒரு வரிகூட எங்கட மூத்தாக்களிடம் வந்து சேரவில்லை.

ஆகக் கிட்டிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1883 ஓகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. கிட்டத்தட்ட 36,000 பேர் இறந்தார்கள், அநேகம் பேர் அலையில். அந்த அலை கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீற்றர் கடந்து பலம் குறைந்து எங்கட கரையையும் தொட்டது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைப் பக்கம் ஒரு பெண் அதில் இறந்துபோனார். வெடிப்பில் இருந்து அவ்வளவு தூரத்தில் இறந்தவர் அவர் மட்டும்தான் என்று எரிமலை வரலாற்றை எழுதுகிறவர்கள் குறிப்பிடுகிறார்கள். எங்கட மாவட்டம். எங்கட கடல். 2004க்கு 121 வருசத்துக்கு முன். நாங்கள் பாடசாலையில் பதின்மூன்று வருசம் படித்து, பல்கலைக்கழகத்துக்கும் வந்து, இந்தப் பெண்ணைப் பற்றி முதல் தடவை வாசித்தது இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான்.

நினைவே இல்லை என்று சொல்லவும் முடியாது. களனியில் கடல் பொங்கியதையும், அதைத் தணிக்க அரசன் தன் மகளைக் கடலில் விட்டதையும் மகாவம்சம் சொல்கிறது. விகாரமாதேவி என்று பின்னர் பெயர்பெற்ற அந்த இளவரசி கரையொதுங்கிய இடம் எது என்பதில் இன்றைக்கும் சச்சரவு உண்டு; பொத்துவில் கடற்கரையும் உரிமை கோரும் இடங்களில் ஒன்று. இரண்டாயிரம் வருசமாக ஒரு கதை உயிரோடு இருக்கிறது, அதில் கடல் நிலத்துக்குள் வருகிறது. ஆனால் அந்தக் கதையில் இருந்து யாரும் காணிச் சண்டையைத் தவிர வேறொன்றையும் எடுக்கவில்லை. கடல் வந்தால் என்ன செய்யிற என்று கதை சொல்லவில்லை.

செய்ய வேண்டியதைச் சொன்ன கதையும் உலகத்தில் இருக்கிறது. சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு ஆகக் கிட்டக் கிடந்த நிலம் அதுதான். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து ஏராளமானோர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் அதற்கு 'ஸ்மொங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் பின்வாங்கினால் ஸ்மொங் வரும், மேட்டுக்கு ஓடு. இவ்வளவுதான் செய்தி. தாலாட்டிலும் பாட்டிலும் பாட்டன்மாரின் கதையிலும் இதைப் போட்டு மூன்று, நான்கு தலைமுறைக்குக் கடத்தினார்கள். 2004இல் நில நடுக்கத்துக்குப் பிறகு அந்தத் தீவுக்கு அலை வந்து சேர நிமிசக் கணக்குத்தான். தீவில் 70,000க்கு மேல் ஆட்கள். இறந்தவர்கள் ஏழு பேர். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது.

இங்கே ஒரு விசயத்தை மறைக்கக் கூடாது. சிமெலுவேயின் பாட்டை அப்படியே எடுத்து எங்கட ஊரில் பாடியிருந்தால் சரிவந்திருக்காது. கடலடி நிலம் வெடிப்பின் மேற்குப் பக்கம் மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வத்தியது. எங்கட பக்கம் முதலில் வந்ததே அலைதான். நிலநடுக்கமும் இங்கே பெரிதாக உணரப்படவில்லை. ஆகவே எங்களுக்கு வேறு செய்தி தேவைப்பட்டிருக்கும்: கடல் ஒருக்கா ஊருக்குள் வந்தது, இன்ன இடம் மட்டும் வந்தது, முதல் தண்ணி வடிந்ததும் திரும்பிப் போகாதே, பெரிய தண்ணி பின்னால் வரும். இந்தச் செய்தி மட்டும் இருந்திருந்தாலும் முதல் அலைக்குப் பிறகு போனவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு இருந்திருப்பார்கள்.

இப்போது அந்த எதிர்வாதத்துக்கு வருவோம். வயிறு நிறைந்தவர்களின் கதை என்றார்களே, அது.

சுனாமி முடிந்த கையோடு அரசாங்கம் தூரத்து எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. கரையில் இருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டத் தடை என்று அறிவித்தது. படத்தில் பார்த்தால் நியாயம்தான். அடுத்த அலை ஐந்நூறு வருசத்தில் வந்தாலும் யாரும் சாகக் கூடாது. ஆனால் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் தெரிந்தவர்களுக்கு 200 மீற்றர் என்றால் என்ன என்று தெரியும். பின்னுக்குப் போக வயல். வயல் வேறொருத்தரின் சீவியம். ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் நடுவில் முச்சக்கர வண்டி போகாத ஊர் அது. கரைவலைக்காரனின் தோணியும் வாடியும் கரையில், வீடு எங்கோ உள்ளே என்றால் தொழில் எப்படி நடக்கும்? எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஓரிரு வருசத்தில் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் கொட்டில்களில் காத்துக்கிடந்து அலுத்துப் போயின.

அக்கரைப்பற்று நுரைச்சோலையின் கதை இன்னும் மோசம். சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காக 500 வீடுகள் கட்டினார்கள். பாடசாலையோடு, பள்ளிவாசலோடு முழு ஊராகவே கட்டினார்கள். யாருக்குப் பகிர்வது என்பது இனப் பிரச்சினையாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் வருசக் கணக்காகக் காடு மண்டிக் கிடந்தன. அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு பேய் ஊர்.

ஆகவே எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறோம் என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, செலவு ஆருக்கு என்பதுதான். கரையில் இருக்கிறவனிடம் மட்டும் ஐந்நூறு வருசத்துக் கணக்கைக் கேட்டு, மற்றவர்களிடம் ஐந்து வருசத் தேர்தல் கணக்கைக்கூடக் கேட்காமல் விடுவது அநியாயம். இதில் எங்கட கூட்டத்தில் எதிர்வாதம் பேசியவர்கள் சொன்னது சரி.

ஆனால் யோசிக்காமல் விட்டால் அதற்கும் செலவு இருக்கிறது. அது எங்கட காலுக்குக் கீழேயே கிடந்தது. ஒலுவில் துறைமுகம் மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவுகளில் ஒன்று என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தோம். டென்மார்க் கடனில் கட்டி, 2013இல் திறந்தார்கள். கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சரிந்து அடிக்கும்போது மணலைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே போகும், வருசக் கணக்கில் பார்த்தால் தெற்கில் இருந்து வடக்காக. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லால் கை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கம் பசிக்கும். பசித்த கடல் கரையைத் தின்னும். அதுதான் நடந்தது. வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் தென்னையையும் தோணி இழுக்கும் இடத்தையும் இழந்தன, துறைமுக வாயோ மணலால் அடைபட்டது. கப்பலும் இல்லை, கரையும் இல்லை. இதற்கு ஐந்நூறு வருசத்து அறிவு தேவையில்லை. மணல் எந்தப் பக்கம் போகும் என்று கரைவலை இழுக்கிற எந்தக் காக்காவைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

இது முப்பது, நாற்பது வருசக் கணக்கு. நீண்ட கணக்கும் இருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021 அறிக்கையில் ஒரு வசனம் எழுதியது, எங்கட ஆட்கள் அதைக் கவனிக்கவே இல்லை. உலகம் 1.5 பாகையோடு சூடாவதை நிறுத்தினாலும் அடுத்த 2000 வருசத்தில் கடல் மட்டம் 2 முதல் 3 மீற்றர் உயரும். 2 பாகை என்றால் 2 முதல் 6 மீற்றர். பனி உருகுவது தொடங்கிவிட்டால் உடனே நிற்காது. இரண்டாயிரம் வருசம் என்பது நினைக்க முடியாத காலம் என்று தோன்றும். ஆனால் தீகவாபியின் செங்கல்லுக்கு அவ்வளவு வயது இருக்கிறது, அந்தச் செங்கல்லை நாங்கள் போய்த் தொட்டிருக்கிறோம். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியவர்கள் செய்தது எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் நாங்கள் செய்வதும் போய்ச் சேரும். தீகவாபியில் இருந்து கொஞ்சத் தூரத்தில்தான் பள்ளக்காடு. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை எங்கட ஊர்களின் குப்பை கொட்டிய மேடு அங்கே இருக்கிறது. யானைகள் அதில் பொலித்தீனைத் தின்று செத்த படங்கள் 2022இல் உலகம் முழுக்கப் போயின. எதிர்காலத் தொல்லியலாளர் ஒருத்தர் அங்கே தோண்டினால் லன்ச் சீற்றும் ஷொப்பிங் பேக்கும் ஒரு விரிப்பாகக் கிடக்கும், சுனாமி மணல் கிடக்கிற மாதிரி.

இந்தக் கதையைச் சொன்னால் ஊரில் ஒரு மறுமொழி நிச்சயம் வரும்: "கியாமத்து நாளை அல்லாஹ்தான் அறிவான். நீங்க ஏன் புள்ள ரெண்டாயிரம் வருசம் எண்ணுறீங்க?" இதை எதிர்த்துப் பேசுவது எங்கட நோக்கமில்லை. ஆனால் எங்கட மார்க்கத்துக்குள்ளேயே வேறொரு போக்கு இருப்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. மறுமை நாள் வந்துகொண்டிருக்கும்போது ஒருத்தரின் கையில் ஈத்தங்கன்று இருந்தால், முடியுமென்றால் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பழம் தின்ன ஆளே இருக்கப் போவதில்லை, இருந்தும் நடு. வக்பும் அதே மாதிரி. பள்ளிக்கு ஒரு தென்னந்தோட்டத்தை வக்பு செய்தவர் அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, உலகம் உள்ள மட்டும் அதன் வருமானம் போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். அதற்காக இந்த நாட்டில் 1956இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. முகம் தெரியாத, பெயர் தெரியாத, எத்தனையோ தலைமுறைக்குப் பின்னால் வரப்போகிற ஒருத்தருக்குச் சொத்து எழுதி வைப்பது எங்கட ஊர்களில் புதினமான காரியம் இல்லை. படிப்பறிவில்லாத மனிசிமாரும் செய்திருக்கிறார்கள். அவர்களை வயிறு நிறைந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கடலோர மையவாடிகளும் அப்படி எழுதி வைத்த நிலம்தான். மாளிகைக்காட்டில் கடலரிப்பு மையவாடியின் மதில் வரை வந்தபோது ஊர் துடித்ததை நாங்கள் கண்டோம். உயிரோடு இருக்கிறவர்களின் வீடு போனபோது இல்லாத துடிப்பு அது. கியாமம் வரைக்கும் கிடக்க வேண்டியவர்கள் அல்லவா.

எங்கட கூட்டம் கடைசியில் ஒத்துக்கொண்டது சின்ன விசயம். மூவாயிரமாம் ஆண்டு மனிதருக்கு என்ன பிடிக்கும், என்ன தேவை என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் தேவையில்லை. ஆனால் இந்தக் கரையில் கடல் ஒருக்கா வந்தது, திரும்ப வரும் என்பது மட்டும் எங்களுக்கு உறுதியாகத் தெரியும். 1394இல் தப்பியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

ஒவ்வொரு டிசம்பர் 26உம் காலை 9.25க்கு இரண்டு நிமிசம் மௌனமாக நிற்கிறோம். துஆ ஓதுகிறோம். தூபிகளில் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. தண்ணி எது மட்டும் வந்தது என்ற கோட்டை நாங்கள் தேடிப் போன இடங்களில் காணவில்லை. ஜப்பானில் அனெயோஷி என்ற சின்ன ஊரில் 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் எழுதி. ஊர் கேட்டது. 2011இல் கடல் அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஜப்பானில் இப்படி நூற்றுக்கணக்கான கல் இருக்கின்றன, எல்லா ஊரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. எங்களுக்கு வீடு கட்டாதே என்று எழுதுகிற உரிமையும் இல்லை, மாற்றுக் காணியும் இல்லை. இது மட்டும் வந்தது, ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப வந்தது என்று எழுதலாம். அதற்குக் கல்லும் பெயின்ற்றும் போதும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராப் பக்கம் திரும்பவும் பெரிய நிலநடுக்கம் வந்து எச்சரிக்கை விட்டபோது எங்களுக்கு ஏழு, எட்டு வயது. சம்மாந்துறை வீதி நிறைய மோட்டார் சைக்கிள். பள்ளி ஸ்பீக்கரில் அறிவிப்பு. உம்மாமார் எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அன்று அலை வரவில்லை. அடுத்த தடவை ஓட வேண்டியவர்களைத் தூக்கப் போவது நாங்கள், காணாதவர்கள்.

போன விடுமுறையில் இருந்து அளவு எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு மெசரிங் டேப், ஒரு கொப்பி. வீட்டுக்கு வீடு போய், தண்ணி எந்த மட்டம் நின்றது என்று கண்டவர்களைக் கேட்டு, சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லி, நிலத்தில் இருந்து அளந்து எழுதுகிறோம். இதுவரை பதினான்கு வீடு. பல வீடுகளில் சுவரே புதிது, அளக்க ஒன்றுமில்லை. எங்களில் ஒருத்தியின் மூத்தம்மா வீட்டில் மட்டும் பின் அறையில் பழைய சுவர் இருந்தது, அதில் நெஞ்சு உயரத்துக்கு மங்கலாக ஒரு சேற்றுக் கோடு. நாங்கள் போன அன்று கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ற் அடித்த தம்பிக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கோட்டைக் காட்டி, "இது என்ன ராத்தா, கறையா? ரெண்டு கோட்டிங் போட்டா மறைஞ்சிரும்" என்றான்.

மூத்தம்மா கதவடியில் வந்து நின்றார். "அது கிடக்கட்டும் வாப்பா. அதுக்கு மேலால அடி."